காத்திருந்த கருத்தும் கைக்கு வந்த பொருளும்

(நானோ பொருள்களால் ஆகும் ஒலிபெருக்கிகள் குறித்துப் புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நானோ பொருள்களைக் கொண்டு உருவாகிவரும் புதிய ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். இதைப் புதுக்கோட்டையில் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஒலியை ஆராய்வது இந்த மண்ணுக்குப் பழக்கமான வேலை. குடுமியான்மலைக் குடைவரைக்கு அருகே, பாறையின் முகத்தில், சுர வரிசைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பாடத்திட்டம் அது. இன்று கச்சேரி மேடையில் நாம் காணும் கஞ்சிராவுக்கு உருவம் கொடுத்தவர் என்று இசையுலகம் போற்றும் மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை ஊர்ப் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறவர்.

கஞ்சிராவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பலாமர வளையம், அதன் ஒரு பக்கத்தில் இழுத்து ஒட்டிய தோல், இரண்டொரு சலங்கை. அவ்வளவுதான் வாத்தியம். அந்தத் தோல் உடும்புத் தோலாக இருந்தது. ஆடு, மாடு என்று எத்தனையோ தோல் கிடைக்கும்போது உடும்பைத் தேடிப் போனது ஏன்? அது மெல்லியது, எடை குறைந்தது, அதே நேரத்தில் உறுதியானது. உள்பக்கம் கொஞ்சம் நீரைத் தொட்டுத் தடவினால் தளர்ந்து சுருதி இறங்கும். பொருளின் குணத்தை அறிந்து, வேண்டிய நாதத்துக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுத்த அறிவு அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்க வந்தது. அதற்குப் பிறகு ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்து, பழைய நாதத்துக்கு நிகரானதைத் தேடுகிறார்கள். ஒலிபெருக்கிப் பொறியாளர் நூறு ஆண்டுகளாகத் தேடுவதும் ஏறத்தாழ அதே குணங்கள் கொண்ட ஒரு பொருளைத்தான்.

நம் மைக் செட்டில் இருக்கும் ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது? ஒரு காந்தம். அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். தொழிலில் அதைக் காயில் என்பார்கள். காயிலோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. மின்சாரம் முன்னும் பின்னும் ஓட, காயில் முன்னும் பின்னும் நகர, கூம்பு காற்றைத் தள்ளி இழுக்கிறது. இந்த அமைப்புக்கு இன்றைய வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் 1925இல் கொடுத்தார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அடிப்படை மாறவில்லை.

நாம் காதால் கேட்பது எவ்வளவு சிறிய அசைவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு பேர் அருகருகே நின்று பேசும்போது காற்றழுத்தத்தில் உண்டாகும் மாற்றம், வளிமண்டல அழுத்தத்தில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன மாற்றத்தை உண்டாக்கக் கனமான காந்தத்தை வைத்துச் செம்புச் சுருளையும் கூம்பையும் அசைக்கிறோம். காற்று இலேசானது, கூம்பு கனமானது. இந்தப் பொருத்தமின்மையால், கொடுக்கும் மின்சாரத்தில் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் ஒரு விழுக்காடு அளவுக்கே ஒலியாகிறது. மீதி காயிலைச் சுட வைக்கிறது. திருவிழா முடிவதற்குள் எத்தனை காயில் எரிந்துபோயிருக்கிறது என்று இங்கே வந்திருக்கும் மைக் செட் தொழில் நண்பர்களுக்குத் தெரியும்.

தென்னை மரத்தில் கட்டிய கூம்புக் குழாய் ஒரு சிறிய ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு அடுத்த ஊர்வரை கேட்டதன் ரகசியமும் இந்தப் பொருத்தமின்மையைக் குறைத்ததில்தான் இருக்கிறது. ஒலியை எழுப்பும் யூனிட்டின் சிறிய தகட்டுக்கும் வெளியே உள்ள பரந்த காற்றுக்கும் நடுவில், மெல்ல மெல்ல விரியும் குழாய் ஒரு படிக்கட்டாக நிற்கிறது. அதனால் ஒலியாகும் பங்கு 10 விழுக்காட்டையும் தாண்டும். மின்சாரம் அரிதாக இருந்த காலத்தில் கிராமங்கள் கூம்புக் குழாயைத் தேர்ந்தெடுத்தது பொறியியல் கணக்குக்கு முற்றிலும் சரி. ஆனால் அந்த ஒலிப் பாய்ச்சல் நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தொல்லையானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை விதித்தன. ஆகவே இன்று நமக்கு வேண்டியது மேலும் சத்தம் போடும் கருவி அன்று; குறைந்த பொருளில், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு ஒலி தரும் கருவி.

இதற்கு நானோ பொருள்கள் இரண்டு வழிகளைத் திறந்திருக்கின்றன.

முதல் வழி, அசையும் திரையை முடிந்த மட்டும் இலேசாக்குவது. நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. பென்சிலில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்களாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொருள். அதில் ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்தால் அதுதான் கிராபீன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004இல் அதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு சதுர மீட்டர் கிராபீனின் எடை 0.77 மில்லிகிராம். ஒரு ஏக்கர் நிலம் முழுக்க விரித்தாலும் மொத்தம் 3 கிராமைச் சற்றே தாண்டும். ஆனால் இழுவிசையைத் தாங்குவதில் எஃகைப் பல மடங்கு மிஞ்சுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சின் ஜோவும் அலெக்ஸ் ஜெட்டலும் 2013இல் கிராபீன் திரை ஒன்றைச் செய்தார்கள். அகலம் 7 மில்லிமீட்டர், தடிமன் 30 நானோமீட்டர். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவில் அதைத் தொங்கவிட்டு, மின்புலத்தால் அசைத்தார்கள். சாதாரணத் திரையைத் தட்டினால் தன் சொந்தச் சுருதியில் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தத் திரையோ அத்தனை இலேசானது என்பதால் சுற்றியுள்ள காற்றே அதை அடக்கிவிடுகிறது. தனியாகச் சீர்ப்படுத்தாமலே, மனிதக் காது கேட்கும் 20 முதல் 20,000 அதிர்வெண் வரை நன்றாகப் பாடியது. இயர்போன் அளவுக் கருவிகளுக்கு இது பெரிய வரம்.

இரண்டாவது வழிதான் என்னை ஆண்டுக்கணக்கில் ஈர்த்து வைத்திருப்பது. அதில் திரையே அசைவதில்லை. அசையாமல் ஒலி எழ முடியுமா? முடியும். காற்றைத் தள்ளினால்தான் அழுத்தம் மாறும் என்பதில்லை, சூடேற்றினாலும் மாறும். சூடான காற்று விரியும், ஆறினால் சுருங்கும். இதை ஒரு வினாடிக்கு ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் அதிர்வெண்ணில் ஒலி பிறக்கும்.

இந்தக் கருத்து மிகப் பழையது. மெல்லிய கம்பி மின்சாரத்தால் சூடேறி ஆறுவதைக் கொண்டு பேச்சொலி எழுப்பலாம் என்று பிரிட்டிஷ் தபால்துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் 1880இல் காட்டினார். 1917இல் அமெரிக்காவில் அர்னால்டு, கிராண்டல் என்ற இருவர் 700 நானோமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஒலி எழுப்பினார்கள். அதற்குத் தெர்மோபோன் என்று பெயர். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி வரும் என்று கணக்கிடும் சூத்திரத்தையும் எழுதிவைத்தார்கள். ஆனால் ஒலி மிக மெலிந்து வந்தது. மைக்குகளை அளவிட்டுச் சரிபார்க்கும் ஆய்வகக் கருவியாக அது ஒதுங்கிப்போனது.

ஏன் மெலிந்தது? அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் நெடுநேரம் சுடும். மெல்லிய அலுமினியத் தட்டு உடனே ஆறிவிடும். பிளாட்டினத் தகடு எவ்வளவு மெல்லியதானாலும் ஒலியின் வேகத்துக்கு அது தோசைக்கல்தான். வாங்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்ளும். காற்றுக்குக் கொடுக்க அதற்கு நேரம் போதாது. ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண். பிளாட்டினத் தகட்டுக்கு அது சுமார் 2 ஜூல். இந்த எண் நூறு மடங்குக்கு மேல் குறைந்தாக வேண்டும். அர்னால்டுக்கும் கிராண்டலுக்கும் அது தெரிந்தே இருந்தது, சூத்திரம் அவர்களுடையதுதானே. அப்படி ஒரு பொருள் மட்டும் அன்று உலகில் யார் கையிலும் இல்லை.

கருத்து காத்திருந்தது. 1991இல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா கார்பன் நானோகுழாய்களை விரிவாக விவரித்தபோது உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. கிராபீன் தாளைச் சுருட்டினால் என்ன வடிவம் வருமோ, அதுதான் நானோகுழாய். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்துளைச் சிலிக்கானில் வெப்பத்தின் மூலம், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பிக் காட்டினார்கள். அதன் பிறகு 2008இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஷோஷான் ஃபான், கைலி ஜியாங் ஆகியோரின் குழு நானோகுழாய்களை நூல் நூலாக இழுத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாக விரித்தது. அதன் இரு முனையிலும் மின்சாரத்தைக் கொடுத்தார்கள். படலம் பாடியது. பிளாட்டினத் தகட்டுக்கு இருந்த அந்த எண் இதற்கு 260இல் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 1917இன் சூத்திரம் ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு உயிர்பெற்றது.

காந்தம் கிடையாது. காயில் கிடையாது. லேசர் கொண்டு அளந்து பார்த்தபோது படலத்தில் அதிர்வும் தென்படவில்லை. இழுத்து நீட்டினாலும் பாடுகிறது. ஒரு பகுதி கிழிந்தாலும் மீதி பாடுகிறது. கொடித்துணியில் ஒட்டி அசைத்தாலும் பாடுகிறது. ஆயிரம் அதிர்வெண் ஒலியில் உண்மையாகச் சூடேறி ஆறுவது படலத்தை ஒட்டிய காற்றுதான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த ஏடு போன்ற காற்று விரிந்து சுருங்குவதே நமக்குக் கேட்கிறது.

இசை அறிந்த இந்த அவைக்கு ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் படலம் சூடாகவே செய்யும். ஆகையால் மின்சாரம் ஒரு முறை முன்னும் பின்னும் போய்வருவதற்குள் இரண்டு முறை சூடேறிவிடும். 500 அதிர்வெண் கொடுத்தால் 1,000 கேட்கும். நீங்கள் கொடுத்தது மத்திய ஷட்ஜம், கேட்பது மேல் ஷட்ஜம். ஒற்றைச் சுரம் என்றால் ஒரு ஸ்தாயி ஏறியதோடு போயிற்று. பல சுரம் கலந்த பாட்டென்றால் உருவமே சிதைந்துவிடும். இதற்கு மருந்து, நிலையான ஒரு நேர்மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிட்டு அதன்மேல் பாட்டை ஏற்றுவது. அப்போது சுருதி சரியாகும். ஆனால் பாட்டு இல்லாத நேரத்திலும் படலம் சுட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு விழுக்காடாவது ஒலியாகிறது என்றேன். வெப்பத்தால் பாடும் படலத்தில் அதிலும் மிகச் சிறு துளியே ஒலியாகிறது. அதிர்வெண் ஏற ஏற நன்றாகப் பாடும். இறங்க இறங்கக் குரல் தேய்ந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த நாதத்தை இந்தப் படலத்தில் கேட்க ஆசைப்பட முடியாது. அதிக மின்சாரம் கொடுத்தால் திறந்த காற்றில் கார்பன் எரிந்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் அலி அலியேவ் குழுவினர் படலத்தைக் கூட்டுக்குள் மூடி அதன் திறனை உயர்த்த முயன்றார்கள். நீருக்கடியிலும் 2010லேயே அதைப் பாட வைத்தார்கள்.

இன்னொன்று உடல்நலம். படலம் பாடிய அதே 2008இல், நீளமான, விறைப்பான நானோகுழாய்கள் எலிகளின் உடலுக்குள் கல்நார் இழையைப் போன்ற பாதிப்பை உண்டாக்குவதாக எடின்பரோ ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பட்டறையில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்கிற வேலையாக இது ஆகிவிடக் கூடாது. தூசு பறக்காத அறை, முத்திரையிட்ட கூடு, செய்பவரின் நுரையீரலைக் காக்கும் முறை ஆகியவை கருவியோடு சேர்ந்தே வர வேண்டும்.

இத்தனை குறை இருந்தும் ஏன் இதில் நம்பிக்கை வைக்கிறோம்? பந்தலில் பாடுவதற்காக இது பிறக்கவில்லை. காந்தமே இல்லாததால் வலுவான காந்தப்புலம் உள்ள கருவிகளின் அருகிலும் இதற்கு இடமுண்டு. கண்ணாடிச் சன்னலில் ஒட்டினாலும் வெளிச்சத்தை முழுதாக மறைக்காது. வளைந்த பரப்புகளுக்கும் பொருந்தும். அதிர்வெண் ஏற ஏறத் திறன் கூடும் என்பதால் மீயொலிக்கு மிகவும் ஏற்றது. மீயொலி டார்ச் வெளிச்சம்போல் குறுகிய கற்றையாகப் போகும். அதன்மேல் பேச்சை ஏற்றி அனுப்பி, அந்தக் கற்றையில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி செய்யும் முறை ஏற்கெனவே உலகில் இருக்கிறது. அந்த முறையும் இந்தப் படலமும் ஒரு நாள் சேருமானால், அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் முன் நிற்பவருக்கு மட்டும் விளக்கம் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவரின் அமைதி கெடாது.

நண்பர்களே, இத்தனையும் சொன்னதன் சாரம் ஒன்றுதான். கருத்து ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்காதவரை கருவி பிறப்பதில்லை. 1917இல் கருத்து இருந்தது, பொருள் இல்லை. இதற்கு நேர்மாறான வரலாறு நம்மிடம் இருக்கிறது. தென்னிந்திய உருக்கு பழங்காலத்திலிருந்தே கடல் கடந்து போய்ப் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் வடக்கே மேல்சிறுவளூரிலும் அதை உருக்கிய மண்குகைகள் என்னும் கலங்களின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாஃப்லர் குழுவினர் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டை அமிலத்தில் கரைத்துப் பார்த்து, அதற்குள் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அந்த உருக்கைச் செய்யும்போது குகைக்குள் இட்டவற்றில் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் உண்டு. இரண்டும் நம் மாவட்டத்துத் தரிசுகளில் தானாக முளைப்பவை.

அந்தக் கொல்லர்களின் கையில் பொருள் இருந்தது. அது ஏன் அப்படி உறுதியாகிறது என்ற விளக்கம் எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே தொழில் நின்றபோது அறிவும் கூடவே போயிற்று. அர்னால்டும் கிராண்டலும் தோற்றாலும் சூத்திரத்தை எழுதிவைத்தார்கள். 90 ஆண்டு கழித்து வேறொரு நாட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டார். எழுதிவைத்த அறிவு காத்திருக்கும். எழுதாதது கைவினைஞரோடு மண்ணுக்குப் போகும்.

இன்று நம் நிலை என்ன? கிராபீனுக்கு மூலப்பொருள் கிராஃபைட். அடுத்த மாவட்டமான சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் தாதுவை வெட்டியெடுத்துத் தூய்மைப்படுத்துகிறது. அதில் பெரும்பகுதி வெப்பம் தாங்கும் செங்கலாகவும் உலோகம் உருக்கும் குகையாகவும் மின்மோட்டார் கார்பன் பிரஷ்ஷாகவும் பயன்படுகிறது. தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. தாது பக்கத்தில், ஆய்வகம் பக்கத்தில், ஒலியை ஆயிரம் ஆண்டாகப் பாறையிலும் தோலிலும் பயின்ற மரபு சொந்த ஊரில். இவற்றை ஒரு கண்ணியில் கோக்கும் இளைஞர்கள்தாம் வர வேண்டும்.

எங்கே தொடங்குவது? கோடிக்கணக்கில் கருவி வாங்கித் தொடங்க வேண்டியதில்லை. ஒரு காகிதக் குவளை, எனாமல் பூசிய செம்புக் கம்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பிற்பகலில் ஒலிபெருக்கி செய்துவிடலாம். குவளைக்குப் பதில் பனையோலை, தோல், பாலித்தீன் என்று மாற்றி மாற்றி ஒட்டி, எது எந்தச் சுருதியில் நன்றாகப் பாடுகிறது என்று செல்போனில் அளந்து நோட்டில் எழுதட்டும். பொருளறிவியலின் முதல் பாடம் அதுவே. அந்த வகுப்புக்கு ஊரின் மைக் செட் மெக்கானிக்கை ஆசிரியராக அழையுங்கள். காயில் ஏன் எரிகிறது, ஐப்பசி மழையில் கூம்பு ஏன் ஊறிப்போகிறது, எந்தப் பசை வெயிலில் விட்டுவிடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும். எந்தப் பாடநூலிலும் ஏறாத அந்த அறிவைப் பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்கட்டும். கல்லூரி மாணவர்கள் அதற்கடுத்த படியை எடுக்கட்டும்: கிராஃபைட்டிலிருந்து படலம் செய்வதைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில், பாதுகாப்பு விதிகளோடு கற்கட்டும், காரைக்குடிக்குப் போய்க் கேட்கட்டும்.

கஞ்சிராவுக்கு உடும்புத் தோலைச் சட்டம் தடுத்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த நாதத்தைத் தரும் புதிய திரையை உலகில் யாராவது கண்டுபிடிப்பார்கள். அதைக் கண்டவர் புதுக்கோட்டைப் பள்ளியில் படித்தவர் என்று எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய முதல் நோட்டுப் புத்தகத்தை இந்தக் கல்வியாண்டிலேயே திறந்துவிடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.